சிவப்பு மையில் இரண்டு வரி

1905 மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை கூடியிருந்தது. விவாதத்துக்கு வந்த மசோதா சின்னதுதான்: மாநிலத்தில் விற்கும் ஒவ்வொரு பேட்டன்ட் மருந்துப் பாட்டிலிலும் (டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கிடைத்த பெயர்போட்ட தயார் மருந்துகளை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுத வேண்டும். ஏறக்குறைய இருபது பேர் எழுந்து பேசினார்கள். சேலத்தைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் (அங்கேயும் ஒரு சேலம் உண்டு) தனக்குத் தெரிந்த இளம்பெண்ணின் கதையைச் சொன்னார். ஏதோ சில்லறை உபாதைக்குப் பேட்டன்ட் மருந்து குடிக்க ஆரம்பித்தவள், இப்போது குடிநோயாளிகள் விடுதியில் இருக்கிறாள். வாக்கர் என்ற உறுப்பினர், அன்றைக்குத்தான் மருந்துக்கடையில் வாங்கிய பெரூனா என்ற பேட்டன்ட் மருந்துப் பாட்டில் ஒன்றை உயர்த்திப் பிடித்தார். மாநிலச் சுகாதார வாரியத்தின் செயலர் அதை மலிவான காக்டெயில் என்று குழு முன்பு சொல்லியிருந்தார். அவர் சொன்னது சரியா என்று நீங்களே சுவைத்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று வாக்கர் பாட்டிலை அவையில் சுற்றுக்கு விட்டார்.

சட்டமன்றத்துக்குள் பாட்டில் கைக்குக் கை போகிறது. எந்த ஊர் நிருபருக்கும் இது அல்வா மாதிரிச் செய்தி. பாஸ்டனில் அன்று நாளிதழ்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் மறுநாள் அந்த விவாதம் அச்சில் வரவே இல்லை. மாநிலத்தில் அதை விவரமாக வெளியிட்டதாகப் பின்னால் கோலியர்ஸ் வார இதழ் குறிப்பிட்டது ஒரே ஒரு பத்திரிகையை மட்டும்: ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன்.

மருந்து மோசடியை வெளிக்கொண்டுவந்த அமெரிக்கப் பத்திரிகையாளர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் பாட்டிலுக்குள் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அந்த மறுநாள் காலையின் மௌனம்தான் முக்கியமாகப் படுகிறது. பாட்டிலில் இருந்தது வேதியியலாளர்களுக்கு முன்பே தெரியும். மக்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதைத்தான் யாராவது துப்புத் துலக்க வேண்டியிருந்தது.

பாட்டிலுக்குள்

பெயரிலிருந்தே பொய் தொடங்குகிறது. பேட்டன்ட் மருந்துகளில் அநேகமாக எதற்கும் காப்புரிமை கிடையாது. காப்புரிமை வாங்க வேண்டுமானால் செய்முறையை அரசிடம் கொடுக்க வேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அது பொதுச்சொத்தாகிவிடும். வியாபாரிகளுக்கு அது தேவைப்படவில்லை. பெயரையும் பாட்டில் வடிவத்தையும் வணிக முத்திரையாகப் பதிந்துகொண்டால் போதும், உள்ளே இருப்பதை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளே இருந்தது பெரும்பாலும் சாராயம். பெரூனாவில் சுமார் 28 சதவீதம், ஹோஸ்டெட்டர்ஸ் பிட்டர்ஸில் 44 சதவீதம். பீரில் ஐந்து சதவீதம் இருந்தாலே அதிகம். மதுவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட பெண்கள், காலையும் மாலையும் இதைக் கரண்டியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாராயத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பல் முளைக்கும் குழந்தைகளை அழாமல் தூங்க வைக்கும் மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்பில் மார்ஃபின் இருந்தது. மூக்கடைப்புப் பொடிகளில் கோக்கெய்ன். தலைவலிப் பொடிகளில் இதயத்தை அமுக்கும் அசெட்டனிலைட். அமெரிக்கர்கள் ஆண்டுக்கு ஏழரைக் கோடி டாலரை இந்த வகையறாவில் கொட்டுகிறார்கள் என்று கோலியர்ஸ் கணக்கிட்டது.

பெரூனாவின் கதை தனிச் சுவை. ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் இதைத் தயாரித்த சாமுவேல் ஹார்ட்மன் ஒரு டாக்டர். அவருடைய சித்தாந்தம் எளிது: உடம்பில் எங்கே எது வந்தாலும் அது சளிக்கட்டுதான். நுரையீரலில் வந்தால் நுரையீரல் சளிக்கட்டு, வயிற்றில் வந்தால் வயிற்றுச் சளிக்கட்டு. எல்லாச் சளிக்கட்டுக்கும் மருந்து பெரூனா. சர்வரோக நிவாரணி என்று நேராகச் சொல்லாமல், சர்வரோகத்தையும் ஒரே ரோகமாக்கிவிட்டார். 1905 ஆகஸ்ட்டில் அமெரிக்க அரசின் பழங்குடியினர் விவகாரத் துறை, பழங்குடிப் பகுதிகளில் உள்ள கடைகளில் பெரூனா விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அங்கே மதுவிலக்கு இருந்தது, மக்கள் மருந்தைக் குடித்துப் போதையேறிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத்துக்கே அது என்ன சரக்கு என்று தெரிந்திருந்தது என்பதற்கு இந்த ஓர் உத்தரவு போதும்.

மாசசூசெட்ஸ் சுகாதார வாரியமும் வடக்கு டகோட்டா போன்ற மாநிலங்களின் வேதியியலாளர்களும் இந்த மருந்துகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அவை அரசு அலமாரிகளில் தூங்கின.

கல்லறையும் கடிதமும்

முதலில் மணி கட்டியது, எதிர்பார்க்காத ஓர் இடம். பிலடெல்பியாவிலிருந்து வந்த லேடீஸ் ஹோம் ஜர்னல், கோலப் புத்தகம்போல வீட்டுக்கு வீடு இருந்த பெண்கள் மாத இதழ். பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. 1892 முதலே மருந்து விளம்பரங்களை வாங்குவதில்லை என்று அதன் முதலாளி முடிவெடுத்திருந்தார். ஆசிரியர் எட்வர்ட் போக்குக்கு இருந்த துணிச்சலின் பாதி அந்த முடிவிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். சோப்பும் ஓட்ஸும் விளம்பரம் செய்து சோறு போட்டதால், அவர் மருந்துக்காரர்களை முறைக்க முடிந்தது.

துணிச்சல் மட்டும் போதாது என்பதையும் அவரே பட்டுத் தெரிந்துகொண்டார். 1904இல், எந்த மருந்தில் எவ்வளவு சாராயம் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் பஃபலோ நகரத்து டாக்டர் பியர்ஸின் மருந்தில் சாராயமும் அபினும் இருப்பதாக, பழைய ஆய்வுக் குறிப்பு ஒன்றை நம்பி எழுதிவிட்டார். அப்போது விற்பனையில் இருந்த பாட்டிலில் அவை இல்லை. பியர்ஸ் இரண்டு லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். போக் இதழிலேயே வருத்தம் தெரிவித்தும் விடவில்லை. நீதிமன்றம் 16,000 டாலர் கொடுக்கச் சொன்னது. மொத்தத்தில் மருந்துகளைப் பற்றி போக் சொன்னது சரி, இந்த ஒரு மருந்தில் தவறு. புலனாய்வில் அந்த ஒன்றுதான் நீதிமன்றத்துக்குப் போகும்.

அதற்குப் பிறகுதான் போக், சட்டம் படித்த மார்க் சலிவன் என்ற இளைஞரை வேலைக்கு வைத்தார். சலிவன் மேஜையில் உட்கார்ந்து ஆவேசத் தலையங்கம் எழுதும் ரகமில்லை. காகிதம் தேடி அலைபவர்.

அன்றைக்கு நாடு முழுக்கப் பத்திரிகைகளில் ஒரு மூதாட்டியின் சாந்தமான முகம் தினமும் வரும்: லிடியா பிங்க்ஹாம். பெண்களின் உபாதைகளுக்கு அவர் பெயரில் ஒரு டானிக். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவதைத் திருமதி பிங்க்ஹாமுக்குக் கடிதமாக எழுதுங்கள் என்று விளம்பரம் அழைத்தது. லின் நகரில் தன் ஆய்வகத்தில் இருந்தபடி அவர் அமெரிக்கப் பெண்களுக்கு எவ்வளவோ செய்கிறார் என்றும் சொன்னது. சலிவன் லின் நகரத்துக் கல்லறைத் தோட்டத்துக்கே போய் ஒரு கல்லைப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். லிடியா பிங்க்ஹாம், மறைவு 1883 மே 17. போக் 1905இல் அந்தக் கல்லறைப் படத்தையும் விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செத்துப்போனவருக்குப் பெண்கள் அந்தரங்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சொல்லும் திருமதி பிங்க்ஹாம் அவருடைய மருமகள் என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. விளம்பரத்தில் இருந்த முகம் மாமியாருடையது.

சலிவன் கடிதங்களின் வழியாகவும் போனார். மருந்துக் கம்பெனிகளுக்கு நோயாளிகள் எழுதிய கடிதங்களை மொத்தமாக வாங்கி விற்கும் தரகர்கள் இருந்தார்கள். ஒரு கம்பெனிக்குப் பயன்பட்டு முடிந்த கடிதக்கட்டு, ஆயிரக்கணக்கில் அடுத்த கம்பெனிக்கு வாடகைக்கோ விலைக்கோ போகும். பரம ரகசியம் காக்கப்படும் என்ற உறுதியை நம்பி, ஒரு பெண் தன் கர்ப்பப்பைக் கோளாறை எழுதியிருப்பாள். அது தரகரின் கிடங்கில் நோய்வாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டிருக்கும். இன்று நம் தகவல்கள் விற்பனையாவதைப் பற்றிப் பதறுகிறோம். அந்த வியாபாரம் கம்ப்யூட்டருக்கு முன்பே நன்றாக நடந்திருக்கிறது.

ஒப்பந்தம்

சலிவன் கையில் சிக்கியவற்றில் பெரியது இவை எதுவுமில்லை. மருந்து உற்பத்தியாளர் சங்கக் கூட்டம் ஒன்றின் நடவடிக்கைக் குறிப்பு.

சங்கத் தலைவர் ஃபிராங்க் செனி, டொலீடோ நகரில் ஹால்ஸ் கட்டார் கியூர் என்ற சளி மருந்தைத் தயாரித்தவர். சக உற்பத்தியாளர்களிடம் அவர் தன்னுடைய திட்டம் ஒன்றைப் பெருமையாக விவரித்திருந்தார். பத்திரிகைகளோடு போடும் விளம்பர ஒப்பந்தத்தில் ஒரு வாசகத்தைச் சேர்த்திருக்கிறேன், எடுப்பாகத் தெரிவதற்காகச் சிவப்பு மையில் அச்சிட்டிருக்கிறேன் என்றார். வாசகத்தின் சாரம் இது: உங்கள் மாநிலமோ அமெரிக்க அரசோ பேட்டன்ட் மருந்து விற்பனைக்கு இடைஞ்சலான சட்டம் எதையாவது இயற்றினால் இந்த ஒப்பந்தம் ரத்தாகும். இரண்டு ஆண்டுக்குள் பதினைந்து, பதினாறாயிரம் பத்திரிகைகளோடு இப்படி ஒப்பந்தம் போட்டேன், ஒரே ஒருவர்தான் முதலில் மறுத்தார், இந்த வாசகம் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றதும் அவரும் போட்டுவிட்டார் என்று கணக்கும் சொன்னார்.

இதன் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செய்தி போடாதே என்று செனி யாரிடமும் சொல்லவில்லை. லஞ்சம் தரவில்லை, மிரட்டல் கடிதத்தோடு தொடங்கவும் இல்லை. சட்டம் வந்தால் உனக்குத்தான் நஷ்டம் என்ற நிலைமையை மட்டும் ஏற்படுத்தினார். அதன் பிறகு சட்டத்தைத் தடுக்கும் கவலை பத்திரிகை முதலாளியுடையது. பொறுப்பை இடம் மாற்றுவதுதான் தன் நோக்கம் என்று அந்தக் கூட்டத்திலேயே செனி சொல்லியிருக்கிறார். மாநிலத்தில் மசோதா ஒன்று வந்தால், கம்பெனியிலிருந்து பத்திரிகைக்கு மரியாதையான கடிதம் போகும். இன்ன எண்ணுள்ள மசோதாக்கள் சட்டமானால் உங்கள் மாநிலத்தில் விளம்பரத்தை நிறுத்த வேண்டிவரும், நீங்கள் உடனே கவனிப்பது இருவருக்கும் நல்லது. அவ்வளவுதான். ஆசிரியர் தன் தொகுதி உறுப்பினரைப் போய்ப் பார்த்துவிடுவார்.

வேறு சில கம்பெனிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. எங்கள் நலனுக்குப் பாதகமான எதுவும் செய்திப் பத்தியில் வந்தாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்றது ஏயர் கம்பெனியின் ஒப்பந்தம். அன்றைய சிறு பத்திரிகைகளின் வரவில் மருந்து விளம்பரத்துக்குப் பெரிய பங்கு. சிற்றூரில் அச்சகத்தையும் பத்திரிகையையும் ஒற்றை ஆளாக நடத்தியவர் அந்தக் காகிதத்தைப் பார்த்து என்ன செய்திருப்பார்? அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாஸ்டனின் பெரிய நாளிதழ்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

சலிவன் எழுதியது நீளமாகவும் சட்ட ஆவணம்போலவும் இருந்தது, பெண்கள் இதழுக்குப் பொருந்தாது என்று போக் நினைத்தார். தூக்கிப் போடாமல், கோலியர்ஸ் ஆசிரியர் நார்மன் ஹாப்குட்டுக்குக் கொடுத்தார். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பெருந்தன்மை இது. 1905 நவம்பர் 4 இதழில் சலிவன் பெயர் இல்லாமலே கட்டுரை வந்தது. சிவப்பு வாசகம் உள்ள ஒப்பந்தத்தைப் படமாகவே போட்டார்கள்.

கோலியர்ஸில் அதற்கு ஒரு மாதம் முன்பே, அக்டோபர் 7 அன்று, சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸின் தொடர் ஆரம்பித்திருந்தது. நியூயார்க் சன் நாளிதழில் ஒன்பது ஆண்டு நிருபராக இருந்தவர். போக்கின் 16,000 டாலர் பாடம் அவருக்கு நினைவிருந்திருக்க வேண்டும். கடையில் பாட்டிலை வாங்கி, ஆய்வகத்தில் கொடுத்து, அறிக்கை வந்த பிறகே எழுதினார். விளம்பரத்தில் நற்சான்று கொடுத்ததாகச் சொன்னவர்களையும் தேடிப்போய் விசாரித்தார்.

பெரூனாவை வீட்டிலேயே தயாரிக்கும் செய்முறையைச் சமையல் குறிப்புபோல அவர் எழுதினார்: சுத்தமான சாராயம் அரை பைன்ட், தண்ணீர் ஒன்றரை பைன்ட், மணத்துக்குக் கொஞ்சம் வால்மிளகு, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை. பாட்டிலும் உறையும் சேர்த்துத் தயாரிப்புச் செலவு 15 முதல் 18 சென்ட், விற்கும் விலை ஒரு டாலர். இதைப் படித்த பிறகு பெரூனாவைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம். புள்ளிவிவரம் செய்யாததை வால்மிளகும் கருக்கிய சர்க்கரையும் செய்தன.

லிக்கோசோன் என்று ஒன்று. தன்னால் கொல்ல முடியாத நோய்க்கிருமியைக் காட்டுபவருக்கு ஆயிரம் டாலர் என்று சவால் விட்ட திரவம். சோதித்ததில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர், மீதி கந்தக அமிலம் முதலியவை. நோய்க்கிருமி ஏற்றிய கினிப் பன்றிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பன்றிகள் செத்தன.

சட்டம் வந்த பிறகு

அமெரிக்க நாடாளுமன்றத்தில் தூய உணவு மசோதா பல ஆண்டுகளாக வந்து வந்து செத்துக்கொண்டிருந்தது. விவசாயத் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி, உணவில் சேர்க்கும் ரசாயனங்களை இளைஞர்களுக்குக் கொடுத்துச் சோதனையெல்லாம் நடத்திப் பார்த்துவிட்டார். 1906இன் தொடக்கத்தில் காற்று திரும்பியது. ஆடம்ஸின் தொடர் ஒருபுறம், சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி அப்டன் சிங்க்ளேர் எழுதிய நாவல் மறுபுறம். பிப்ரவரியில் செனட் 63க்கு 4 என்று நிறைவேற்றியது. ஜூன் 30 அன்று அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். ஆடம்ஸின் கட்டுரைகளை அமெரிக்க மருத்துவச் சங்கம் புத்தகமாகப் போட்டு 50 சென்டுக்கு விற்றது.

சட்டம் கேட்டது என்ன? சாராயம், மார்ஃபின், அபின், கோக்கெய்ன், ஹெராயின், குளோரோஃபார்ம், அசெட்டனிலைட் முதலான சில பொருள்கள் இருந்தால் அளவோடு லேபிளில் எழுத வேண்டும். லேபிளில் பொய் சொல்லக் கூடாது. மார்ஃபின் கலப்பதைத் தடை செய்யவில்லை. முழுச் செய்முறையையும் கேட்கவில்லை. பத்திரிகை விளம்பரத்தை அது தொடவே இல்லை.

இருந்தும் சில மருந்துகள் ஓசைப்படாமல் சாராயத்தைக் குறைத்தன, சில குழந்தைச் சிரப்புகளிலிருந்து மார்ஃபின் மறைந்தது. தாய்மார்கள் லேபிளைப் படித்தார்கள், அவ்வளவுதான் காரணம். முதலில் வழக்கில் சிக்கியவர் வாஷிங்டனைச் சேர்ந்த ராபர்ட் ஹார்ப்பர். மூளைக்கு உணவு என்ற பெயரில் தலைவலி மருந்து விற்றவர். உள்ளே அசெட்டனிலைட். 1908இல் அவருக்குக் கிடைத்த தண்டனை 700 டாலர் அபராதம்.

அடுத்த அடி உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. கன்சாஸ் சிட்டியில் புற்றுநோயைக் குணமாக்கும் என்று மாத்திரை விற்ற ஜான்சன் என்பவர் வழக்கில், 1911இல் நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பெழுதினார். லேபிளில் பொய் என்று சட்டம் சொல்வது உள்ளே இருக்கும் பொருளைப் பற்றிய பொய்யை, குணமாகும் என்ற பொய்யை இல்லை. சர்க்கரையைச் சர்க்கரை என்று எழுதிவிட்டு, புற்றுநோய் போகும் என்று சேர்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. 1912இல் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்தது, ஆனால் ஏமாற்றும் நோக்கம் இருந்ததை அரசுதான் நிரூபிக்க வேண்டும். என் மருந்தை நான் மனமார நம்புகிறேன் என்று விற்பவன் சொன்னால் வழக்கு ஆட்டம் கண்டுவிடும்.

1937இல் டென்னசி மாநிலத்துக் கம்பெனி ஒன்று சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைகோல் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து, எலிக்சிர் சல்ஃபனிலமைடு என்ற பெயரில் விற்றது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், குழந்தைகள் பலர். விஷத்தை விற்றதற்காக வழக்குப் போட 1906 சட்டத்தில் இடமில்லை. எலிக்சிர் என்று பெயர் வைத்தால் அதில் சாராயம் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே தவறான பெயர் என்றுதான் அரசால் பிடிக்க முடிந்தது. அடுத்த ஆண்டு புதுச் சட்டம் வந்தது: விற்பதற்கு முன் பாதுகாப்பானது என்று காட்டு. அதே டைஎத்திலீன் கிளைகோல்தான் 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் இருந்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரை எடுத்தது.

மறுபடி செனியின் சிவப்பு மைக்கு வருகிறேன். சட்டம் வந்தால் ஒப்பந்தம் ரத்து என்று பதினைந்தாயிரம் பத்திரிகைகளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்களே, சட்டமும் வந்துவிட்டதே? மருந்து விளம்பரங்கள் நிற்கவில்லை. விற்பனையாளர்களைப் பாதுகாப்பதற்காகச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. தன் சரக்கு சட்டத்துக்கு உட்பட்டது என்று உற்பத்தியாளர் உறுதி எழுதிக் கொடுத்தால், விவசாயத் துறை ஒரு வரிசை எண் தரும். அரசு பாட்டிலைத் திறந்துகூடப் பார்க்காது. 1907 முதல் மருந்துப் பாட்டில்களின் லேபிளில் அந்த வரி பளிச்சென்று ஏறியது: 1906 ஜூன் 30 உணவு, மருந்துச் சட்டத்தின்படி உத்தரவாதம் அளிக்கப்பட்டது, வரிசை எண் இன்னது. கடைக்கு வந்தவர்கள் அதை அரசாங்க முத்திரை என்று எடுத்துக்கொண்டு பாட்டிலை வாங்கிப் போனார்கள்.